பக்கத்து நாய் வெடுக்கென்று கவ்வினால்: குழுப் பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாய்களோடு ஒன்றுசேரும் ஒரு சின்னக் கூட்டத்தில் சில வருடங்களாக நானும் இருக்கிறேன். ஏழெட்டு நாய்கள், ஒரு பயிற்சி மாஸ்டர், ஒரு வெறுங்காணி, அவ்வளவுதான். நான் மாஸ்டரும் இல்லை, மிருக வைத்தியரும் இல்லை. ஆனால் கடி வாங்குகிற நாயையும் வளர்த்தேன், கடிக்கிற நாயையும் வளர்க்கிறேன். முதலில் இருந்த ரோமி பயந்த சுபாவம், வகுப்பில் இரண்டு தரம் கடி வாங்கினாள். இப்போது இருக்கிற பப்பு ஊர் நாய்க் கலப்பு, யாராவது முகத்துக்கு நேரே வந்தால் வெடுக்கென்று கவ்வப் பார்ப்பான். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

அடுத்தவரின் நாய் என் நாயைக் கவ்வப் பாய்கிறது. அந்த நொடியில் என்ன செய்வது?

திரும்பி நடவுங்கள். வீரமாகத் தெரியாது, ஆனால் இதைவிடப் பலன் தரும் வேலை வேறொன்றும் இல்லை. கத்தாமல், கயிற்றை மேலே தூக்கி இழுக்காமல், உங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வந்த வழியே நான்கைந்து மீற்றர் போங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் உங்கள் நாயின் தலை நிமிரும், நெஞ்சு முன்னுக்குத் தள்ளும், எதிரே நிற்கிற நாய்க்கு அது சண்டைக்கு நிற்பதுபோலத் தெரியும். அதோடு நீங்கள் பயந்துவிட்டீர்கள் என்ற செய்தி கயிறு வழியாக உங்கள் நாய்க்கும் போய்விடும்.

சின்ன நாய் என்றால் தூக்கிக்கொள்ளத்தான் கை போகும். மற்ற நாய் கயிற்றில் இருந்தால் தூக்காமல் விலகுவதே நல்லது, ஏனென்றால் தூக்கினதும் அது பாய்ந்து ஏறப் பார்க்கும், அப்போது பல் படுவது உங்கள் கையில். முடிந்தால் உங்கள் உடம்பை இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடவுங்கள்.

இந்தத் திரும்புதலை வீட்டு முற்றத்திலேயே பழக்க வேண்டும். "வா போவோம்" என்று சொல்லித் திரும்புங்கள், நாய் பின்னால் வந்ததும் ஒரு துண்டு ஈரல் கொடுங்கள். ஒரு நாளைக்கு பத்துத் தரம், இரண்டு கிழமை. அப்புறம் அந்தச் சொல்லைக் கேட்டதும் அது யோசிக்காமல் திரும்பும். அவசரத்தில் புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்க முடியாது.

"அது ஒண்டும் செய்யாது, விளையாடுது" என்று உரிமையாளர் சொல்கிறார். நம்பலாமா?

அவரை நம்பலாம், அவருடைய வசனத்தை நம்ப வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை, வீட்டில் அந்த நாய் உண்மையிலேயே ஒன்றும் செய்வதில்லை. நானே பப்புவைப் பற்றி இதே வசனத்தை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், ஒரு நாள் அவன் ஒரு லாப்ரடோரின் காதைப் பிடிக்கும் வரைக்கும்.

அதனால் வாயைக் கேட்காமல் நாயைப் பாருங்கள். உடம்பு மரக்கட்டைபோல விறைத்து நிற்கிறதா? வாயை மூடிக்கொண்டு மூச்சை அடக்கியதுபோல இருக்கிறதா? தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை தெரிகிறதா? சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்டை நக்குகிறதா, கொட்டாவி விடுகிறதா? இவையெல்லாம் "கிட்ட வராதே" என்பதற்கு நாயிடம் இருக்கிற சொற்கள். உறுமல் கடைசியில்தான் வரும். வாலாட்டுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், வாலை உயர்த்தி விறைப்பாக வேகமாக ஆட்டுகிற நாய் சந்தோசத்தில் ஆட்டவில்லை. இடுப்போடு சேர்த்து உடம்பே வளைந்து ஆடினால்தான் அது விளையாட்டு.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். குரைக்கிற நாயும் கடிக்கும், குரைக்காத நாயும் கடிக்கும். உறுமினதற்காக நாயை அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அடி வாங்கின நாய் உறுமுவதைத்தான் விடும், கடிப்பதை விடாது. முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கிற நாயை அப்படித்தான் உருவாக்குகிறோம்.

செல்லக்கடியா, உண்மையான கடியா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

முதலில் வயது. மூன்று மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை குட்டிகளுக்குப் பல் விழுந்து முளைக்கிற காலம், கண்டதையெல்லாம் கவ்வும். மற்றக் குட்டி "கீங்" என்று கத்தினதும் விட்டுவிட்டால் கவலைப்பட ஒன்றும் இல்லை. எவ்வளவு அழுத்திக் கவ்வலாம் என்பதைக் குட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்று படிப்பதே இப்படித்தான்.

வளர்ந்த நாய் என்றால் பல் எவ்வளவு ஆழம் போனது என்பதுதான் கணக்கு. இயன் டன்பார் என்ற மிருக வைத்தியர் நாய்க்கடியை 6 படிகளாகப் பிரித்துக் காட்டினார், உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் அதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். முதல் படியில் பாய்ச்சல் மட்டும், பல் தோலில் படாது. இரண்டாவதில் பல் படும், ஓட்டை விழாது. மூன்றாவதில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு ஓட்டைகள், ஆனால் எதுவும் கோரைப் பல்லின் பாதி நீளத்துக்கு மேல் போகாது. நான்காவதில் அதையும் தாண்டி ஆழமாகப் போகும், கவ்வி உலுப்பிய அடையாளமும் இருக்கலாம். ஐந்து, ஆறை இங்கே எழுதத் தேவையில்லை.

எங்கள் வகுப்பில் நடப்பவை பெரும்பாலும் முதல் இரண்டு படிகள். அந்த நாய்களோடு ஒரே மைதானத்தில் நிற்கலாம், தூரம் வைத்துக்கொண்டால் போதும். மூன்றாவது படிக்குப் போன நாய் மாஸ்டரோடு தனியாகப் பழக வேண்டும். நான்காவது என்றால் குழு வகுப்பு அதற்கான இடமே இல்லை, அதில் முகம் பார்க்க ஒன்றும் இல்லை.

வீட்டில் தங்கமான நாயாம். வகுப்பில் மட்டும் ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

கயிற்றில் கட்டின நாய்க்கு ஓட வழியில்லை. கயிறு இல்லாவிட்டால் வளைந்து போய், மணந்து பார்த்து, பிடிக்காவிட்டால் விலகியிருக்கும். கயிற்றில் இருக்கும்போது எதிரே ஒரு நாய் முகத்துக்கு நேராக வந்தால் அதற்கு மிச்சமிருக்கிற ஒரே வழி "நீ போ" என்று பல்லைக் காட்டுவது. கடிக்கிற நாய்களில் பாதிக்கு மேல் ரவுடிகள் என்று நினைக்கிறோம், நான் பார்த்தவரை பெரும்பாலும் பயந்தாங்கொள்ளிகள்.

அடுத்தது, அது வகுப்புக்கு வந்து சேரும் வழி. எங்கள் ஊரில் இது ஒரு தனிப் பிரச்சினை. கோட்டைப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு வழியெல்லாம் மான்கள். புள்ளிமான் கூட்டம் ரோட்டோரத்தில் படுத்திருக்கும், நாய் அதைப் பார்த்துக் கொதித்துக் கொதித்து வரும். அதைத் தாண்டினால் கடற்கரையில் தெருநாய்க் கூட்டம் ஒன்று துரத்தும். இவ்வளவும் முடிந்து மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கிற நாயின் தலைக்குள் ஏற்கெனவே கூச்சல். அதற்குப் பிறகு உங்கள் நாய் போய் ஆசையாக மணந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? ஓட்டோவில் வருகிற நாயும் ஒன்றுதான், சத்தத்திலும் புகையிலும் அரைமணி நேரம் நடுங்கிக்கொண்டு வந்திருக்கும். அப்படி வந்த நாயை உடனே வரிசையில் நிறுத்தாமல் பத்து நிமிடம் ஓரமாக மண்ணை மணந்துகொண்டு நடக்க விட்டால் பாதி வேகம் இறங்கிவிடும்.

வெயில் இன்னொரு காரணம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எட்டு மணிக்கே நிலம் கொதிக்கத் தொடங்கும். உள்ளங்காலில் சூடு, நாக்கு வெளியே, தண்ணீர் இல்லை. மனிசருக்கே அந்த நேரத்தில் கோபம் வரும். எங்கள் வகுப்பு ஆறு மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு முடிவது அதற்காகத்தான். கோயில் திருவிழாக் காலத்து வெடிச்சத்தமும் அப்படித்தான், இரவு முழுக்கக் கட்டிலுக்கடியில் கிடந்த நாயை அடுத்த நாள் காலையில் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்.

கடைசியாக நோவு. திடீரென்று குணம் மாறின நாயை முதலில் மிருக வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம், காதுக்குள் புண் வந்த நாய் தலையைத் தொடவே விடாது, வயதான அல்சேஷனுக்கு இடுப்பு எலும்பு நோகும். எங்களோடு வந்த ஒரு பொமரேனியன் மாதக்கணக்கில் எல்லாரையும் கவ்விக்கொண்டு திரிந்தது. பிறகு பார்த்தால் கடைவாயில் பல் ஒன்று அழுகியிருந்தது. பல்லைப் பிடுங்கினார்கள், கவ்வுவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

எவ்வளவு தூரம் விட்டால் போதும்?

அடிக்கணக்கில் சொல்ல முடியாது, நாய்தான் சொல்லும். சோதனை எளிது. உங்கள் கையில் இருக்கிற கோழி ஈரலை அது மென்மையாக வாங்கித் தின்கிறதா? தூரம் போதும். வாங்காமல் அந்த நாயையே முறைத்துப் பார்க்கிறதா, அல்லது விரலோடு சேர்த்துப் பிடுங்குகிறதா? இன்னும் பின்னுக்குப் போங்கள். ரோமிக்கு முதல் மாதம் 20 மீற்றர் தேவைப்பட்டது, நாங்கள் வகுப்பில் இருக்கிறோமா பக்கத்துக் காணியில் இருக்கிறோமா என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். அவள் அந்தத் தூரத்திலேயே உட்காரப் படித்தாள், கூப்பிட வரப் படித்தாள்.

நெத்தலிக் கருவாடு கொண்டுவருகிறவர்கள் கவனம், உப்பு கூட. அவித்த கோழியோ ஈரலோ போதும்.

கயிறு 6 அடி, சாதாரணக் கயிறு. இழுத்தால் நீள்கிற சுருள்கயிறு வகுப்புக்கு வேண்டவே வேண்டாம், பிரேக் அழுத்துவதற்குள் நாய் அடுத்த நாயின் மூக்கடியில் நிற்கும்.

அந்த நாயின் உரிமையாளர் எனக்குப் படிப்பித்த சேர். அவரிடம் எப்படி இதைச் சொல்வது?

சின்ன ஊரின் தலைவலி இதுதான். யாரைப் பார்த்தாலும் யாருக்காவது படிப்பித்தவர், அல்லது மாமியின் சொந்தம், அல்லது நாளைக்கு நீங்கள் கையெழுத்துக்குப் போய் நிற்கப்போகிற கந்தோரில் இருக்கிறவர். அதனால் ஆட்கள் ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாம் மாதம் ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் வெடிப்பார்கள். அது இன்னும் மோசம்.

வகுப்பு நடக்கும்போது சொல்ல வேண்டாம். முடிந்த பிறகு, நாய்கள் இரண்டும் தூரத்தில் இருக்கும்போது, தனியாகச் சொல்லுங்கள். அவருடைய நாயைப் பற்றித் தொடங்காமல் உங்கள் நாயில் தொடங்குங்கள்: "சேர், என்ர நாய் கொஞ்சம் பயந்தது. உங்கட டொமி கிட்ட வந்தா நடுங்குது. நான் அந்த வேலிப்பக்கம் நிக்கிறன், நீங்கள் இந்தப் பக்கம் நிண்டால் எனக்குப் பெரிய உதவி." பாருங்கள், குற்றம் எங்கேயும் இல்லை, ஆனால் வேலை நடந்துவிடும். இடம், தூரம் என்று செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். "உங்கட நாயைக் கொஞ்சம் கவனிச்சுக் கொள்ளுங்கோ" என்றால் அவர் கவனிக்கிறேன் என்பார், ஒன்றும் மாறாது.

இரண்டு தரம் சொல்லியும் கேட்கவில்லை என்றால் மாஸ்டரிடம் போங்கள். அது கோள் சொல்வது இல்லை. யார் எங்கே நிற்பது என்பதை முடிவுசெய்வதற்குத்தான் அவருக்குக் காசு கொடுக்கிறோம். மாஸ்டரே எல்லாரையும் பொதுவாக இடம் மாற்றி நிறுத்தினால் யாருக்கும் மனம் நோகாது.

மாஸ்டர், "நாய்கள் தங்களுக்குள்ள தீர்த்துக்கொள்ளட்டும்" என்கிறார். சரியா?

பிழை. நான் முதலில் போன ஒரு வகுப்பில் இதைத்தான் சொன்னார்கள். ரோமியைக் கயிறு கழற்றி விடச் சொன்னார், "ரெண்டு தரம் வாங்கினால் சரியாயிடும்" என்றார். வாங்கினாள். சரியாகவில்லை, அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எந்த நாயைக் கண்டாலும் என் காலுக்குள் புகுந்துகொள்வாள். "தீர்த்துக்கொள்வது" என்றால் பலசாலி கடிக்கலாம் என்று படிக்கிறான், மற்றது மைதானமே பயங்கரம் என்று படிக்கிறது. அடுத்த வாரம் நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை, கொடுத்த காசையும் திருப்பிக் கேட்கவில்லை.

ஒரு வகுப்பில் சேர முதல் நாய் இல்லாமல் தனியாகப் போய் ஒருதரம் பாருங்கள். நாய்களுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதா, தடுப்பூசி அட்டை கேட்கிறார்களா, ஒரு நாய் உறுமினால் மாஸ்டர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும்.

மற்றவரின் நாயை நானே அதட்டலாமா?

வேண்டாம். அந்த நாய்க்கு உங்களைத் தெரியாது. அது இன்னும் பயப்படும், இல்லாவிட்டால் உங்களைக் கடிக்கும். உரிமையாளருக்கும் உங்களுக்கும் நடுவில் வேறொரு சண்டை தொடங்கும், அது நாய்ச் சண்டையைவிட நீளம். பாய்ந்து வருகிற நாயை நிறுத்த ஒரு குடையை அதன் முன்னால் விரிப்பது வேறு, அதைச் செய்யலாம்.

இரண்டும் பிடித்துக்கொண்டுவிட்டன. எப்படிப் பிரிப்பது?

கையை நடுவில் விடாதீர்கள். கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்கப் போனவர்கள்தான் பெரும்பாலும் கடி வாங்குவது, கடித்தது சொந்த நாயாகவும் இருக்கும், அந்தச் சூட்டில் அதற்கு ஆள் தெரியாது. முதலில் சத்தம், தகரமோ வாளியோ தட்டுங்கள். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், வகுப்பில் எப்போதும் ஒரு வாளி நிரம்பி இருப்பது அதற்கும்தான். ஒரு பலகையையோ பிளாஸ்டிக் கதிரையையோ நடுவில் இறக்கலாம்.

எதற்கும் அசையவில்லை என்றால் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைப்பக்கம் பிடித்து, தள்ளுவண்டி தள்ளுவதுபோலத் தூக்கி, பின்னுக்கு, வளைந்து இழுக்க வேண்டும். வளைந்து இழுப்பது முக்கியம், இல்லாவிட்டால் திரும்பி உங்கள் கையைப் பிடிக்கும். ஒன்று கவ்வி விடாமல் இருக்கும்போது இழுத்தால் தசை கிழியும், வாய் திறக்கும் வரை பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிரித்த பிறகு விட்டுவிடாதீர்கள், உடனே திரும்ப ஓடும்.

என் நாய்க்குப் பல் பட்டுவிட்டது. மேலே சின்ன ஓட்டைதான்.

மேலே சின்ன ஓட்டை என்பதுதான் பிரச்சினை. கோரைப்பல் ஊசிபோல உள்ளே போகும், தோல் மேலே மூடிக்கொள்ளும், அழுக்கு உள்ளே இருந்துவிடும். மூன்றாம் நாள் அந்த இடம் வீங்கிச் சீழ் கட்டும். மயிரை விலக்கி உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள், கழுத்து, காது, முன்னங்கால் அக்குள். கையுறை போட்டுக்கொண்டு, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ பட்டிருந்தால் ஓட்டையே தெரியாவிட்டாலும் போக வேண்டும். பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உலுப்பினால் உள்ளே உடைந்திருக்கலாம். உங்கள் நாய்க்கு விசர் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்பார்கள், அட்டையைக் கொண்டு போங்கள்.

பல் பட்டது எனக்கு. தடுப்பூசி போட்ட நாய்தானே, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

போங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

முதலில் குழாயடியில் காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கைபேசியில் நேரம் பார்த்துக் கழுவுங்கள், நாம் நினைக்கிற 15 நிமிடம் உண்மையில் இரண்டு நிமிடம்தான். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் போட வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பிறகு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். ஊசி தேவையா, எத்தனை என்பதை டொக்டர் தீர்மானிப்பார். ஏற்புவலி ஊசியையும் அவர்களே பார்ப்பார்கள்.

நாயின் தடுப்பூசி அட்டையை உரிமையாளரிடம் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால் டொக்டருக்கு வேலை சுலபம். கடித்த நாயை 14 நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். அது சாப்பிடுகிறதா, குணம் மாறுகிறதா, ஆள் வைத்துப் பாருங்கள். நாயை அடித்துக் கொல்வதோ தூரத்தில் கொண்டுபோய் விடுவதோ முட்டாள்தனம், நாய் இல்லாமல் போனால் எதைக் கவனிப்பது? உரிமையாளர் "என்ர நாய்க்கு விசர் எண்டு சொல்லுறியோ" என்று கோபித்துக்கொள்வார். "அப்பிடியில்லை அண்ணா, டொக்டர் கேட்டவர்" என்று சொல்லிவிடுங்கள், டொக்டரின் தலையில் போட்டால் எல்லாருக்கும் சுகம்.

விசர் நோயின் அறிகுறி மனிசரில் வந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். வெட்கத்துக்காகப் போகாமல் இருக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

மருந்துச் செலவை யார் கட்டுவது? சட்டம் என்ன சொல்கிறது?

நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் அதற்கும் முந்தியது, 1893. நாயை வைத்திருக்கிறவருக்குப் பொறுப்பு உண்டு என்பது இங்கே புதிதாக வந்த யோசனை இல்லை. நட்டஈட்டுக்கு, இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தில் வழியிருக்கிறது, சீண்டாமலே நாய் தானாகப் பாய்ந்து கடித்தால் சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சீண்டியிருந்தால் கதை வேறு. ஆனால் 4,000 ரூபா மருந்துச் செலவுக்கு வழக்குப் போடுகிற ஊர் இல்லை இது. பற்றுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு நேரே கேளுங்கள், பாதியாவது கொடுப்பார்கள். தகராறு முற்றினால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

என்னிடம் கேட்டால், கடித்த நாயின் சொந்தக்காரர் கேட்க முன்பே முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். பப்பு காதைப் பிடித்த அந்த லாப்ரடோரின் வீட்டுக்குப் பின்னேரமே போனேன், மருந்துச் செலவோடு ஒரு பக்கெட் பிஸ்கட்டும் கொண்டுபோனேன். அந்த அக்கா இப்போதும் என்னோடு கதைக்கிறார்.

அந்த நாய்க்கு வாய்க்கூடு போடச் சொல்லலாமா? அவமானமாக எடுப்பாரோ?

எடுப்பார், முதலில். கன்றுக்குட்டிக்கு வாய்க்கூடு போட்டால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை, நாய்க்குப் போட்டால் மட்டும் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறோம். மாஸ்டர் வகுப்பில் எல்லா நாய்க்கும் பழக்கினால் இந்த வெட்கம் போய்விடும். எப்படியும் மிருக வைத்தியரிடம் போகும்போது தேவைப்படும்.

கூடை மாதிரி இருக்கிற வகைதான் வேண்டும், அதற்குள் நாய் வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டுகிற துணிப்பட்டியை இந்த வெயிலில் போட்டால் ஆபத்து, நாய் உடம்புச் சூட்டை ஆற்றுவதே இரைத்துத்தான். ஒரே நாளில் மாட்டவும் கூடாது. கூடைக்குள் ஈரலை வைத்து மூக்கை விடப் பழக்கி, பிறகு ஒரு நொடி, பத்து நொடி என்று இரண்டு மூன்று கிழமை எடுக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், கவ்வுகிறது என் நாய்தான்.

அப்படியென்றால் இதைக் கேட்கிற முதல் ஆளே நீங்கள்தான், பெரும்பாலும் மற்றவர்கள்தான் வந்து கேட்பார்கள். மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். ஓரத்தில், ஒரு பக்கம் சுவர் இருக்கிற இடத்தில் நில்லுங்கள், பின்னால் இருந்து யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தாலே நாய் பாதி இறங்கும். வகுப்புக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்து ஐந்து நிமிடம் முந்திப் போங்கள், வாசலில்தான் நெரிசல், வாசலில்தான் கடி. மற்ற நாய் தூரத்தில் தெரியும்போதே ஈரல், அது மறைந்ததும் ஈரல் நிற்கும். இதைப் பொறுமையாகச் செய்தால் மற்ற நாய் வருவதே நல்ல செய்தி என்று அது நினைக்கத் தொடங்கும். பப்புவுக்கு எட்டு மாதம் எடுத்தது. இன்றைக்கும் முகத்துக்கு நேரே யாரும் வந்தால் அவனுக்குப் பிடிக்காது. அதை நான் மாற்றப் பார்ப்பதில்லை, யாரையும் நேரே வர விடுவதில்லை.

"கிட்ட விடாதேங்கோ, இவன் கடிப்பான்" என்று உரக்கச் சொல்லப் பழகுங்கள். முதல் தரம் தொண்டையில் நிற்கும். பிறகு ஒன்றும் இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

கவ்வுகிற நாய் ஒன்று வகுப்பில் இருக்கிற வரைக்கும் வேண்டாம். சின்னப் பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது.

ஒரு கடிக்குப் பிறகு என் நாய் மைதான வாசலிலேயே படுத்துக்கொள்கிறது. இழுத்துக்கொண்டு போகலாமா?

இழுக்க வேண்டாம். ஒரு மாதம் வகுப்பை விடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. அதற்குப் பிறகு வகுப்பு இல்லாத ஒரு நாளில், மைதானம் வெறுமையாக இருக்கும்போது கூட்டிப் போய், விரும்பியதை மணந்து பார்க்க விட்டு, பத்து நிமிடத்தில் திரும்புங்கள். பிறகு நல்ல குணமான ஒரே ஒரு நாயோடு நடவுங்கள், எதிரெதிராக இல்லாமல் ஒரே திசையில், இரண்டுக்கும் நடுவில் ஒரு ரோட்டு அகலம் விட்டு. நாளாக நாளாக அந்த அகலம் தானாகக் குறையும். ரோமியை நான் அப்படித்தான் உப்புவெளிக் கடற்கரையில் விடிய ஆறு மணிக்கு முன் ஒரு நண்பரின் கிழட்டு நாயோடு நடத்தினேன். அந்தக் கிழவனுக்கு உலகத்தில் எதிலும் அக்கறை இல்லை, அதுதான் அவளுக்குத் தேவைப்பட்டது.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று, அந்த நாயும் வருகிறது, உரிமையாளரும் மாறவில்லை. எப்போது விலகுவது?

உங்கள் நாய் வகுப்பில் சாப்பிடுவதை நிறுத்தினால், அல்லது அதுவும் திருப்பிக் கவ்வத் தொடங்கினால், அடுத்த ஞாயிறு போகாதீர்கள். இரண்டாவதுதான் மோசம், கவ்வினால் மற்ற நாய் போய்விடும் என்று ஒருதரம் கண்டுபிடித்த நாய் அதை மறக்காது. பப்பு அதைத்தான் எங்கேயோ கண்டுபிடித்துவிட்டு என்னிடம் வந்தான். மாஸ்டரிடம் நேரம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அவரே பின்னேரம் ஒரு சின்னக் குழு வைப்பார். எங்களில் மூன்று பேர் அப்படிப் பிரிந்து இப்போது சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குச் சந்திக்கிறோம். டொமியின் சேர் போன மாதம் வந்து, தன் நாயை வேலிக்கு வெளியே கட்டிவிட்டு, "இங்கயிருந்து பார்த்தால் உங்களுக்குப் பிரச்சினை இல்லைத்தானே தம்பி?" என்று கேட்டார். 15 மீற்றர் இருக்கும். பிரச்சினை இல்லை சேர் என்றேன்.